சோளம் காய்ந்த சைக்கிள் பாதை

என்னை உட்காரச் சொல்லாதீங்க. ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு எடத்துல உட்கார வரலை எனக்கு. ஆபீஸ்ல என் நாற்காலி மட்டும் புதுசாவே இருக்குன்னு கூட வேலை பார்த்தவங்க கிண்டல் பண்ணுவாங்க. நீங்க டீயைக் குடிங்க. நான் இப்படி நடந்துக்கிட்டே சொல்றேன். பார்த்துப் பார்த்து தலை சுத்தினா ஜன்னல் பக்கம் திரும்பிக்குங்க.

உங்க ஊர்ல சைக்கிள் பாதை போடப் போறாங்கன்னு மேப்பைக் கொண்டாந்து காட்டினீங்க. அழகா இருக்கு. பச்சைக் கலர்ல கோடு, ஓரத்துல மரம், மரத்துக்குக் கீழ ஒரு பொம்மை ஆளு சைக்கிள் ஓட்டிட்டுப் போறான். அந்த ஆளைத்தான் உத்துப் பார்த்தேன். அவன் கேரியர்ல ஒரு மூட்டை இல்ல, ஹேண்டில்பார்ல ஒரு குடம் இல்ல, பின்னாடி பொண்டாட்டி இல்ல. அந்தப் பாதையில அவனைத் தவிர ஒரு ஜீவன் இல்ல. ஒரு ஆடு கூட இல்லீங்க. ஆடு இல்லாத ரோடு நம்ம பக்கத்துல எங்க இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்.

அதனால வேற எதையும் பேசாம இந்த ஒண்ணை மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

எண்பதுகளோட நடுவுல பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில ஒரு சின்ன டவுன் பஞ்சாயத்துக்கு என்னைப் போட்டாங்க. ஊர் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா யாரோட பேரனாவது சண்டைக்கு வருவான். ஜூனியர் இன்ஜினியர் வேலை. பொம்பளை இன்ஜினியரை அந்த ஊரு அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. முதல் நாள் வாட்ச்மேன் என்னைய நேரா டைப்பிஸ்ட் மேசைக்குக் கூட்டிட்டுப் போயி, "ரிப்பன் மாத்தியாச்சும்மா"ன்னாரு. சரி, பழகிக்குவாங்கன்னு விட்டுட்டேன்.

அந்த ஊருக்கு ஒரே ஒரு பெரிய தெரு. பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சு, ஹைஸ்கூலைத் தாண்டி, எண்ணெய் மில் கேட்டுல போயி முடியும். வடக்குப் பக்கம், வடசாரின்னு சொல்லுவாங்க, அது முழுக்கக் கடைங்க. மளிகை, துணி, உரம், நட்டநடுவுல தானிய மண்டி. எதிர்ல தென்சாரி. அங்க கூலி வேலைக்குப் போறவங்க வீடு. அத்தனையும் கூரை, நடுவுல ஒண்ணு ரெண்டு ஓடு. கரும்பு சீசன் வந்துட்டா எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போற டிராக்டருங்க எல்லாம் இந்தத் தெரு வழியாத்தான் போகும். ரெண்டு டிரெய்லரைக் கோத்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கிட்டு இருக்க, தெருவையே அடைச்சுட்டு வரும். சைக்கிள்ல போறவன் சாக்கடையில எறங்கி நின்னாத்தான் தப்பிப்பான்.

தென்சாரியில மருதைன்னு ஒருத்தர். அப்படி ஒரு வண்டிக்கு ஒதுங்கப் போயி மணல்ல சறுக்கி விழுந்துட்டாரு. பின் டிரெய்லர் சக்கரம் ஏறிடுச்சு. திருச்சி ஆஸ்பத்திரியில வலது காலை முழங்காலுக்கு மேல எடுத்துட்டாங்க. நான் அந்த ஊருக்குப் போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி நடந்தது இது. அதுக்கப்புறம்தான் ஊரே கொதிச்சுப் போயி, சைக்கிளுக்குத் தனிப் பாதை வேணும்னு கூட்டம் போட்டிருக்காங்க.

கூட்டத்துல நடந்ததை எங்க ஆபீஸ் கிளார்க் எனக்கு நடிச்சே காட்டுவாரு. ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் எந்திரிச்சு, புள்ளைங்க உயிருன்னு ஆரம்பிச்சாராம். உடனே மண்டி தங்கவேலு எந்திரிச்சிருக்காரு. அவருதான் வடசாரிக்கு வாய். "புள்ளைங்க உயிரு எங்களுக்கும் வெல்லம்தாங்க. ஆனா எங்க கடை முன்னாடி கல்லை வெச்சுப் பாதை போட்டா மூட்டை வண்டி எங்க நிக்கும்? ஆகாசத்துலயா?"ன்னாராம். ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவுல யாரோ ஒருத்தரு, "அப்ப எதிர்ச்சாரியில போட்டுடுங்க"ன்னிருக்காரு. எல்லாரும் கை தட்டிட்டாங்க. தீர்மானம் நிறைவேறி, டீ ஆறுறதுக்குள்ள கூட்டம் முடிஞ்சு போச்சு. எதிர்ச்சாரியில இருந்து யாரும் வந்தாங்களான்னு கேட்டேன். "பகல்ல கூட்டம்மா, அவங்க காட்டு வேலைக்குப் போயிருப்பாங்கல்ல"ன்னாரு கிளார்க், ரொம்பச் சாதாரணமா.

நான் போயிச் சேர்ந்தப்ப வேலை முடிஞ்சு போச்சு. தென்சாரி வீடுங்க வாசலை ஒட்டி, எண்ணெய் மில் கேட்டு வரைக்கும் வழவழன்னு சிமெண்டுப் பாதை. ரோட்டுக்கும் பாதைக்கும் நடுவுல வரிசையா கல்லு வெச்சுச் சுண்ணாம்பு அடிச்சிட்டிருந்தாங்க. திறப்பு விழான்னு ஒண்ணும் பெருசா இல்ல, சேர்மன் வந்து ரிப்பன் வெட்டினாரு. ஆனா தென்சாரிப் பொம்பளைங்க அத்தனை பேரும் வந்து தேங்காய் ஒடைச்சு, சூடம் காட்டி, சேர்மன் தோள்ல துண்டு போட்டு, ஒரு கெழவி குலவை வேற போட்டுச்சு. எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. சைக்கிளுக்கு இவ்வளவு மரியாதை குடுக்கிற சனங்களான்னு நெனச்சேன்.

தை மாசம் பொறந்துச்சு. சோளம் அறுவடை. ஒரு காலையில ஆபீஸுக்கு நடந்து வரேன், சைக்கிள் பாதையைக் காணோம். இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் வெள்ளைச் சோளம் காயுது. நாங்க வரிசையா வெச்ச சுண்ணாம்புக் கல்லை எல்லாம் நவுத்தி, அவங்கவங்க சோளத்தைச் சுத்தி வேலி மாதிரி வெச்சிருக்காங்க. நடுவுல ஒரு அக்கா, முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு, காலாலயே சோளத்தைக் கிளறிவிட்டுட்டு நடக்குது. அதுதான் பச்சையம்மா. மருதையோட சம்சாரம்.

"அக்கா, இது சைக்கிள் போறதுக்குப் போட்டதுக்கா."

அது நின்னு என்னைப் பார்த்துச்சு. "சைக்கிளுக்கா? அதுக்கு எதுக்குங்க தனியா? அதான் ரோடு இருக்குதே."

"அப்ப இதை என்னன்னு நெனச்சீங்க?"

"சோளம் காயப் போடற களங்க." பச்சையம்மாவுக்கு என் மேல பரிதாபமே வந்துடுச்சு. "சேர்மன் ஓட்டுக் கேட்டு வந்தப்ப வூடு வூடா கும்புட்டு, ஜெயிச்சா ஒங்க சாரிக்குக் களம் போட்டுத் தரேன்னாரு. ஜெயிச்சாரு, போட்டுட்டாரு. வாக்கு மாறாத மனுசன்னுதான் தேங்கா ஒடைச்சோம். ஏன் இன்ஜினியரம்மா, ஒங்களுக்கு ஆபீஸ்ல சொல்லலியா?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்கவும் முடியல. ஏன்னா எங்கப்பா அரியலூர்ப் பக்கம் கூலியாச் சோளம் வாங்கினவருதான். சோளக் கூலின்னா என்னன்னு எனக்குத் தெரியும். பச்சத் தானியத்தை அளந்து போட்டுடுவாங்க, அதைக் காய வெச்சு மூட்டை கட்டினாத்தான் வருஷத்துக்குச் சோறு. ஈரத்தோட மூட்டை கட்டினா உள்ளாரயே புழுங்கிக் காளான் புடிச்சிடும். தென்சாரிக்காரங்க அதுவரைக்கும் வாசல்ல சாணி மெழுகிக் காய வெச்சிட்டிருந்தாங்க. அந்த வாசல் மேலதான் நாங்க சிமெண்டு போட்டிருக்கோம். இது களம் இல்லேன்னு சொல்லி இப்ப அள்ளச் சொன்னா, எங்க கொண்டு போயிப் போடுறது? கூரைக்கு மேலயா?

ஊரு ரெண்டா பிரிஞ்சு போச்சு. டீக்கடையில சைக்கிள் கட்சி, சோளக் கட்சின்னே பேரு வெச்சுட்டாங்க. சைக்கிள்ல வரவங்க சோளத்துல ஏறிச் சறுக்கறாங்க, திட்டறாங்க, மறுபடியும் ரோட்டுக்கே போயிடறாங்க. அங்க கரும்பு டிராக்டர் வருது. ஹெட்மாஸ்டர் ஒரு நாள் அவரு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க முன்னாடியே சோளத்துல சறுக்கி உட்கார்ந்துட்டாரு. அதுக்கப்புறம் அவரு பேச்சுல புள்ளைங்க உயிரோட அவரு இடுப்பும் சேர்ந்துக்கிச்சு. தங்கவேலுக்கோ குஷி. "நான் அன்னைக்கே சொன்னேன், இந்த ஊருக்கு இதெல்லாம் ஆகாதுன்னு. பேத்து எடுத்துடுங்க"ன்னு தினம் ஆபீஸுக்கு வந்து சொல்லிட்டுப் போவாரு.

இந்த நேரத்துல மருதை என்னைத் தேடி வந்தாரு. ஆபீஸுக்குள்ள வரலை. நான் ரோட்டுல அளவெடுத்துட்டு நிக்கறப்ப, அக்குள் கட்டையை ஊனிக்கிட்டு வந்து வேப்ப மரத்துக்குக் கீழ நின்னாரு. மெல்லிசான ஆளு, பேச்சு ரொம்ப மெதுவா வரும்.

"எண்ணெய் மில்லுல காவலுக்குக் கூப்பிட்டிருக்காங்க. மாசி பொறந்தா வேலை. ஆனா தானா வந்து போவணும், யாரும் தூக்கியாந்து எறக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"எப்படிண்ணே போவீங்க?"

"சைக்கிள்லதான்." சொல்லும்போதே அவரு முகம் மலர்ந்து போச்சு. "பழகிட்டேங்க. பெடல்ல டியூப் ரப்பரைக் கட்டி, பாதத்தை அதுல மாட்டிக்கிட்டா ஒத்தக் காலே மேலயும் இழுக்கும், கீழயும் மிதிக்கும். லீவு நாள்ல பள்ளிக்கூடத்து மைதானத்துல பழகுனேன். கெளம்புறதுக்கு ஒரு செவுரு வேணும், நிக்கிறதுக்கு ஒரு செவுரு வேணும். நடுவுல மட்டும் நிறுத்த முடியாது. நிறுத்துனா விழுந்துடுவேன். அதனால ரோட்டுல முடியாது. இந்தப் பாதையில முடியும்." அப்புறம் தரையைப் பார்த்துட்டு, "ஆனா சோளம் கெடக்கு"ன்னாரு.

"யாரு வீட்டுச் சோளம்ணே அது?"

"எங்க வூட்டு முன்னாடி கெடக்கறது எங்களுதுதாங்க."

"பச்சையம்மா அக்காகிட்ட சொன்னீங்களா?"ன்னேன். இல்லேன்னு தலையை ஆட்டினாரு. சொன்னா உடனே அள்ளிடுவா, அள்ளிட்டு எங்க காய வைப்பா, தான் வேலைக்குப் போயி மொத சம்பளம் வரதுக்குள்ள வூட்டுல என்ன திங்கிறது, இதான் அவரு கணக்கு. அவரு சைக்கிள் பழகினதே அந்த அக்காவுக்குத் தெரியாது. "நீங்களும் சொல்லிடாதீங்க"ன்னு கேட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. தெருவுல மேலயும் கீழயும் நடக்கறேன். சோளத்தைப் பார்த்தா மருதை தெரியறாரு, மருதையைப் பார்த்தா சோளம் தெரியுது. வேற எங்கயாவது பொறம்போக்கு இருக்கான்னு ஊரைச் சுத்தினேன். இருந்ததெல்லாம் யாராவது வளைச்சுப் போட்டிருந்தாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. யார் மேலன்னுதான் தெரியல.

மாசி பொறக்கறதுக்கு ரெண்டு நாள் இருக்கு. இ.ஓ. சார் என்னைக் கூப்பிட்டாரு. அதாவது எங்க நிர்வாக அதிகாரி. கெட்ட மனுஷன் இல்ல. வயித்துப் புண்ணு, மேல இருந்து நெருக்கடி, ரெண்டும் சேர்ந்து எப்பவும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே இருப்பாரு. "சேர்மன், கவுன்சிலருங்க எல்லாம் இன்னைக்கு மத்தியானம் பார்க்க வராங்க. பாதை காலியா இருக்கணும். டிரெய்லரைக் கொண்டு போ, சோளத்தை அள்ளி ஏத்து, ஆபீஸ் குடோன்ல கொட்டு. ஒரு தடவை பறிமுதல் பண்ணினாத்தான் புத்தி வரும்"னாரு.

போனேன். எனக்கு முன்னாடியே பாதிக் கூட்டம் அங்க இருந்துச்சு. வடசாரிக் கடைக்காரங்க படியில நின்னு வேடிக்கை பார்க்கறாங்க. தங்கவேலு மண்டி வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. பச்சையம்மாவும் மத்தப் பொம்பளைங்களும் சோளத்துக்கு முன்னாடி வரிசையா நின்னுட்டாங்க. மருதை அவரு வீட்டு வாசல்ல கட்டையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு.

"எடும்மா"ன்னாரு என் பின்னாலயே வந்த இ.ஓ.

நான் முதல் முதலா வேலைக்குச் சேர்ந்த எடத்துல எனக்கு மேல ஒரு இன்ஜினியர் இருந்தாரு. அவரு ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்காரு. தலையும் புரியல வாலும் புரியலன்னா டேப்பைப் பிரிச்சுடு, அளந்துக்கிட்டிருக்கிறவனை எவனும் அவசரப்படுத்த மாட்டான், அந்த நேரத்துல யோசிச்சுக்கன்னு. நான் டேப்பைப் பிரிச்சேன். "பறிமுதல் பண்ணினா யார் யாரு சோளம் எவ்வளவுன்னு அளவு வேணும் சார், நாளைக்குக் கேள்வி வரும்"னு சொல்லிட்டு, ஒவ்வொரு வீட்டுச் சோளமா நீளம், அகலம் அளக்க ஆரம்பிச்சேன். அளந்ததையே திருப்பி அளந்தேன். இ.ஓ. பல்லைக் கடிச்சாரு. சேர்மனும் கவுன்சிலருங்களும் வந்து சேர்ந்தாங்க. எனக்கு ஒரு யோசனையும் வரலை. மழை மேகம்தான் வந்துச்சு.

தை கடைசியில மழையை யாரு எதிர்பார்த்தா? மேக்கால இருட்டிக்கிட்டு வந்துடுச்சு. பொம்பளைங்க அண்ணாந்து பார்க்கறாங்க, சோளத்தைப் பார்க்கறாங்க, என்னைப் பார்க்கறாங்க. ஒருத்தி முறத்தை எடுத்துக் குனிஞ்சா. "யாரும் தொடக் கூடாது, அது ஆபீஸ் கணக்குல வந்தாச்சு"ன்னு இ.ஓ. சத்தம் போட்டாரு. அவ அப்படியே குனிஞ்ச மேனிக்கு நிக்கறா. என் கையில டேப்பு. நான் நேரத்தைக் கடத்தினேன் பாருங்க, அந்த நேரம்தான் இப்ப அவங்க சோத்துக்கு வெனையா வந்து நிக்குது. டேப்பைக் கீழ போட்டேன். "அள்ளுங்கக்கா"ன்னேன். "நான் சொல்றேன், அள்ளுங்க."

இ.ஓ. என் பேரைச் சொல்லிக் கத்தினாரு. அதுக்குள்ள பெருந்தூறல் விழுந்துடுச்சு. வாசல் முழுக்க விளக்குமாறும் முறமும் சாக்குமா ஒரே ஓட்டம். ஆனா அள்ளி எங்க வைக்கிறது? அந்தக் கூரை வீட்டுல ஆளு நிமிந்து நிக்கவே எடம் பத்தாது. பச்சையம்மா ஒரு மூட்டையை இழுத்துட்டு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நடுப் பாதையில நின்னுச்சு.

அப்ப எதிர்ல இருந்து ஒரு குரல். "சோளம் நனையுதுடா, தார்ப்பாயை எடுங்கடா". தங்கவேலு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டி ஓடி வராரு. பின்னாடி அவரு மண்டி ஆளுங்க தார்ப்பாயோட வராங்க. அவரு யாருக்காகவும் வரலைங்க. நாப்பது வருஷமா தானியத்துக்கு நடுவுலயே கெடந்த மனுஷன், கண்ணு முன்னாடி தானியம் நனையறதை அவரால பார்க்க முடியல. அவ்வளவுதான். பச்சையம்மா கையில இருந்த மூட்டையைப் புடுங்கித் தன் தோள்ல போட்டுக்கிட்டு, "என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறே, மண்டியில கொண்டாந்து கொட்டு"ன்னு அந்த அக்காவையே திட்டினாரு. போற வர சைக்கிள்காரங்க சைக்கிளைச் சாய்ச்சுப் போட்டுட்டு வந்து அள்ளினாங்க. சேர்மன் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு ஒரு கூடையைத் தூக்கினாரு. இ.ஓ. சார் தன் குடையை ஒரு குவியலுக்கு மேல புடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. அவரு நனைஞ்சாரு, சோளம் நனையல. அதுக்காகவே அவரை நான் மன்னிச்சுட்டேன்.

மழை வலுத்துடுச்சு. யாரும் எங்கயும் போக முடியல. வடசாரி, தென்சாரி, சேர்மன், கவுன்சிலர், ஹெட்மாஸ்டர், சைக்கிளோட ஒதுங்கினவங்க, எல்லாரும் அந்த மண்டி ஓட்டுக்குக் கீழ. நடுவுல சோளக் குவியல். முதல் கூட்டத்துக்கு வராம போனவங்களும் வந்தவங்களும் இப்ப ஒரே கூரையில. வாய் சும்மா இருக்குமா? பேச்சு ஆரம்பிச்சுடுச்சு.

தங்கவேலு முகத்தைத் துடைச்சுக்கிட்டு முதல்ல பேசினாரு. "இதுக்குத்தான் சொல்றேன். சைக்கிள்காரனுக்கும் உபயோகமில்ல, இவங்களுக்கும் நிம்மதி இல்ல. பாதையைப் பேத்து எடுத்துடுங்க. மண்ணு பழையபடி இருக்கட்டும். சாணி மெழுகிக் காய வெச்சுக்கட்டும். என்ன பச்சையம்மா?"

பச்சையம்மா யோசிச்சுச்சு. "பேத்துட்டா எங்க வாசல் எங்களுக்கு. சரிதாங்க"ன்னுச்சு. மத்தப் பொம்பளைங்களும் தலையை ஆட்டினாங்க. ஹெட்மாஸ்டர் என்னமோ சொல்ல வந்து, இடுப்பைத் தடவிக்கிட்டு விட்டுட்டாரு. சேர்மன் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம், தலைவலி தீர்ந்துதுன்னு. "சரி, பேத்துடலாம். எழுதிக்கம்மா"ன்னாரு என்னைப் பார்த்து.

அப்ப எனக்கு இருந்த தவிப்பு இன்னும் எனக்குப் போகல. மருதை மூலையில ஒரு மூட்டை மேல உட்கார்ந்திருக்காரு. எனக்கு மட்டும் தெரியும், இந்தப் பாதை போனா அந்த மனுஷனோட வேலை போச்சுன்னு. வாயைத் தொறந்தா முடிஞ்சுது. ஆனா அது என் விஷயமா? ஒரு புருஷன் பொண்டாட்டிகிட்ட சொல்லாததை ஊருக்கு முன்னாடி நான் எடுத்து வைக்கிறதா? இன்ஜினியரம்மா சொன்னாங்கன்னு ஆயிட்டா, அவரு ஆயுசுக்கும் பாவப்பட்ட ஆளாவே நிப்பாரு. நான் பேனாவைத் தொறக்காம அவரையே பார்த்துக்கிட்டு நின்னேன். சேர்மன் ரெண்டாவது தடவையும் எழுதச் சொன்னாரு. நான் அசையல. என் வாழ்க்கையில நான் நடக்காம நின்ன நேரம் அது ஒண்ணுதான்.

"பேக்காதீங்க"ன்னாரு மருதை.

மழைச் சத்தத்துல பாதிப் பேருக்குக் கேக்கல. அவரு கட்டையை ஊனி எந்திரிச்சாரு. "பேக்காதீங்க. எனக்கு வேணும். எண்ணெய் மில்லுல வேலை குடுத்திருக்காங்க. நான் சைக்கிள்ல போவணும்."

பச்சையம்மா திரும்பிப் பார்த்துச்சு. "ஏய்யா, எப்ப பழகுன?"

"நீ அறுப்புக்குப் போனப்ப."

"விழுந்தியா?"

"விழுந்தேன்."

"முட்டியில காயம், வாசப்படி தடுக்கிச்சுன்னு சொன்னியே. அதுவா?"

அவரு தலையை ஆட்டினாரு. பச்சையம்மா அழும்னு நான் நெனச்சேன். அழல. முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, நேரா தங்கவேலுகிட்ட போயி நின்னுச்சு.

"மொதலாளி, ஒங்க மண்டிக்குப் பின்னாடி சிமெண்டுக் களம் இருக்குல்ல. அதுல பாதி சும்மாத்தானே கெடக்கு."

"கொத்தமல்லி வந்தா வேணும்."

"மல்லி வரப்ப பாத்துக்கலாம். அறுப்பு முடியற வரைக்கும் எங்க சாரிக்கு அதைக் குடுங்க. சைக்கிள் ரோடு எங்க வாசல்லயே இருந்துட்டுப் போவட்டும், நாங்க ஒரு மணிச் சோளம் அதுல போட மாட்டோம். முடியாதுன்னா சொல்லிடுங்க. நாங்க எல்லாரும் ஆபீஸ் வாசல்ல போயி உக்காந்து, ரோட்டை ஒங்க சாரிக்கு மாத்தச் சொல்றோம். இங்கதான் சேர்மனும் நிக்கறாரு."

சேர்மன் தென்சாரிப் பொம்பளைங்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தாரு. ஓட்டு எண்ணிப் பழகின கண்ணு. "நியாயமாத்தான் கேக்குது"ன்னு கூரை ஓட்டைப் பார்த்துச் சொன்னாரு. தங்கவேலு எல்லாரையும் முறைச்சாரு, என்னையும் சேர்த்து. தன் மண்டியிலயே கூட்டம் போட்டுத் தன்னையே மடக்கிட்டாங்களேன்னு இருந்திருக்கும். "களத்துல கல்லு மண்ணு கலந்துச்சு, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்"ன்னாரு. அதுதான் அவரு சம்மதம்.

போறதுக்கு முன்னாடி பச்சையம்மா என்கிட்டயும் ஒண்ணு கேட்டுச்சு. கோவமா இல்ல, தெரிஞ்சுக்கறதுக்குத்தான் கேட்டுச்சு. "எங்க வாசல்ல ரோடு போடறதுக்குக் கூட்டம் போட்டீங்களாமே. எங்களை ஏன் கூப்பிடல?" அந்தக் கூட்டத்துல நானும் இல்லக்கான்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். உங்க மேப்பைப் பார்த்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது இந்தக் கேள்விதான். நீங்க கோடு போட்டிருக்கிற அந்த ஓரத்துல யாரு வீடு இருக்கு? பேரு தெரியுமா? அவங்க வேலைக்குப் போற நேரத்துலயா நீங்க கூட்டம் வெச்சீங்க? போயி பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க.

எனக்கு மெமோ வந்துச்சு. மேலதிகாரி உத்தரவை மீறி அள்ளச் சொன்னது ஏன்னு விளக்கம் கேட்டு. "மழை பெய்தது"ன்னு எழுதிக் குடுத்தேன். இ.ஓ. சார் அதைப் படிச்சாரு, அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு.

மாசி ஒண்ணாந்தேதி காலையில எனக்கு அந்தத் தெருவுல ஒரு வேலையும் இல்ல. போனேன். பாதையில ஒரு மணி சோளம் இல்ல. கல்லெல்லாம் பழையபடி வரிசையில இருந்துச்சு. மருதை வீட்டுச் செவுத்துல சாஞ்சு, சைக்கிள்ல ஏறி, பாதத்தை ரப்பர்ல மாட்டினாரு. கட்டையைக் கேரியர்ல கட்டியிருந்தாரு. செவுத்தைக் கையால ஒரு தள்ளு தள்ளினாரு, வண்டி கெளம்பிடுச்சு. ரோட்டுல கரும்பு டிராக்டர் ஒண்ணு தோகையை உரசிக்கிட்டுப் போச்சு. அவரு அதைத் திரும்பிப் பார்க்கல.

பச்சையம்மா அவருக்கு முன்னாடி ஓடுது. கையில வெளக்குமாறு. குறுக்க வந்த ஆட்டை வெரட்டுது. துணிக்கடைக்காரரு ஓரமா பாதையில நிறுத்தி வெச்ச தள்ளுவண்டியைத் தானே தள்ளி ரோட்டுல விடுது, "இது என்ன ஒங்க மாமனார் வூட்டு வாசலா"ன்னு அவரைத் திட்டுது. கோழி, புள்ளைங்க, பாத்திரம் கழுவற பொம்பளை, ஒருத்தரையும் விடல. பின்னாடி மருதை வேகம் புடிச்சுட்டாரு.

"தள்ளிப் போ புள்ள, தள்ளிப் போ. என்னால நிறுத்த முடியாது"ன்னு கத்தறாரு.

அது தள்ளிப் போகல. எண்ணெய் மில் கேட்டு வரைக்கும் அவருக்கு முன்னாடியே ஓடுச்சு.